வெள்ளிக்கிழமை படம் மாட்டாதீர்கள்

யூத மாணவர் மையம் ஒன்றில் கண்காட்சி வைக்க உங்களுக்கு அழைப்பு வந்தால், மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் ஒன்றில் மட்டும் இறங்கி வராதீர்கள். படம் மாட்டும் வேலைக்கு வெள்ளிக்கிழமையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் வியாழன் கேட்டேன், புதன் கேட்டேன். கேட்ட மின்னஞ்சல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் அலுவலர் தன் வசதிக்கு வெள்ளிதான் தோது என்று பிடிவாதமாக நின்றார். அதில் என் மூன்று அச்சுப் படங்கள் பாழாயின. அவற்றில் ஒன்றை இனி என்னாலும் மறுபடி அச்சிட முடியாது.

நான் லினோகட், அதாவது லினோலியம் பலகையைச் செதுக்கி அச்சிடும் படங்கள், செய்பவள். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு மேற்படிப்புக்காக அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக்கு வந்தேன். கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவை வரைந்து வரைந்து, அதிலிருந்து ஒரு அச்சுப்பட வரிசை உருவாக்கியிருந்தேன். 1568ல் கட்டிய பரதேசி சினகாக் எனும் யூத வழிபாட்டுத் தலம், அதன் தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகள், மணிக்கூண்டு, ஏறக்குறைய கி.பி. 1000ல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு என்று அந்த வரிசை போகும். எங்கள் வளாகத்து யூத மையம் அதைக் காட்சிக்குக் கேட்டபோது மனம் நிறைந்து சரி சொன்னேன். அந்தப் படங்களைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான வீடு அந்த ஊரில் இல்லை.

நம் ஊர்க் கல்லூரிகளில் இப்படிப்பட்ட மையங்கள் கிடையாது என்பதால் ஒரு வார்த்தை. 1923ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் ரப்பி, அதாவது யூத மதகுரு, தொடங்கிய அமைப்பு ஹில்லெல். இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் அது இருக்கிறது. அதைச் சேராத யூத மையங்களும் உண்டு. ஒரே கட்டடத்துக்குள் சாப்பாட்டுக்கூடம், வழிபாட்டு அறை, படிக்கும் மூலை, அலுவலகம் எல்லாம் இருக்கும். பாஸ்டன் பல்கலைக்கழக ஹில்லெலில் ரூபின்-ஃபிராங்கல் என்ற காலரியே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ ஹில்லெலில் டோர்ட்டார்ட் பெயரில் ஒரு கலை மையம். யேலில் 1995ல் திறந்த ஸ்லிஃப்கா மையமும் கண்காட்சிகள் நடத்துகிறது. உங்களை அழைக்கும் இடம் இவ்வளவு ஏற்பாடு உள்ளதாக இருக்காது. காலரி என்று அவர்கள் சொல்வது சாப்பாட்டுக்கூடத்தின் நீளச் சுவராக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

"அக்கா, யூதர்கள் உருவப் படமே ஒத்துக்க மாட்டாங்களாமே, எப்படிக் கூப்பிட்டாங்க?" என்று எங்கள் துறையில் படிக்கும் மதுரைப் பையன் கேட்டான். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சிரியாவின் துரா யூரோபஸ் சினகாக்கில் மூன்றாம் நூற்றாண்டிலேயே சுவர் முழுக்க மனித உருவங்களோடு வேதக் கதைகளைத் தீட்டியிருக்கிறார்கள். 1932ல் அகழாய்வில் அது வெளிவந்தபோது அறிஞர்களே திகைத்தார்கள். 1300ஐ ஒட்டி ஜெர்மனியில் எழுதப்பட்ட ஒரு பாஸ்கா பண்டிகை நூலில் மனிதர்களுக்குப் பறவைத் தலை வைத்து வரைந்திருக்கிறார்கள். உருவத்தை என்ன செய்வது என்று இரண்டாயிரம் வருடமாக யோசித்துக்கொண்டிருக்கும் மரபு அது. அங்கே படம் மாட்டுவது ஒரு ஓவியருக்குப் பெரிய வாய்ப்பு. அதனால்தான் நடந்த விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஷபாத் எனும் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு முடிகிறது. சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னால் விளக்கேற்றுவது பரவலான வழக்கம். அதன்பின் 39 வகை வேலைகள் விலக்கு. எழுதுவது, அழிப்பது, கட்டுவது, தீ மூட்டுவது, ஒரு பொருளை முடித்து வைக்கும் கடைசிச் சுத்தியல் அடி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. படம் மாட்டுகிறவர் கையில் வேறென்ன இருக்கும்? சுத்தியலும் ஆணியும் பென்சிலும்தான்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன், அடி விழுந்தது அங்கேதான். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு முந்தைய வெள்ளியன்று சூரியன் ஆறு மணியை நெருங்கித்தான் மறையும். அடுத்த வெள்ளி ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். அலுவலர் செப்டம்பரில் உட்கார்ந்து தேதி குறித்தார். செப்டம்பரில் ஏழு மணிவரை வெளிச்சம். மதியம் ஆரம்பித்தால் சாவகாசமாக முடிக்கலாம் என்று கணக்குப் போட்டார். அவர் குறித்ததோ கடிகாரம் மாறிய பிறகு வரும் முதல் வெள்ளி. இதைச் சுட்டிக்காட்டி நான் எழுதியதற்கு, "எங்கள் நாள்காட்டி எங்களுக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. அந்த வீட்டு வழக்கத்தை வெளியிலிருந்து வந்த நான் சொல்லித்தர வேண்டியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

மையம் ஏற்பாடு செய்திருந்த படச் சட்டங்கள் மதியம் தாண்டித்தான் வந்தன. அக்ரிலிக் போட்டுக் கேட்டிருந்தேன், கண்ணாடி போட்டு வந்தது. மூன்று மணிக்கெல்லாம் சமையலறை ஆட்கள் இரவு விருந்துக்கு மேசை விரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாதிப் படங்கள் சுவரில் ஏறின. நாலேகால் மணிக்கு ஒரு மாணவி வந்து, "இனி முடியாது, மன்னியுங்கள்" என்று மெதுவாகச் சொன்னாள். மீதிச் சட்டங்களைப் பூட்டி வைக்க ஓர் அறை இருந்தது. அதன் சாவி அலுவலரிடம். அவர் நண்பகலிலேயே வீட்டுக்குப் போய்விட்டார். ஷபாத்தில் அவரது கைபேசி அணைந்திருக்கும்.

மாணவர்கள் மேல் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. தடைசெய்த வேலைக்கான கருவிகளை எடுத்து நகர்த்தவும் அவர்கள் வழக்கம் இடம் தராது. ஆனாலும் சட்டங்களைச் சுவர் ஓரமாகச் சாய்த்து நான் வைத்ததும், அவர்களே முன்னால் ஒரு நீள மேசையை அரணாகப் போட்டார்கள். விருந்துக்குப் பிறகு கூடத்தைக் காலி செய்தவர்கள் யாரோ அந்த மேசையை மடக்கி, நாற்காலி அடுக்கை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அடுக்கு சரிந்தது. ஞாயிறு காலை போனபோது கண்ணாடிச் சில்லுகள் தாளுக்குள் இறங்கிக் கிடந்தன.

மூன்றில் இரண்டுக்கு வேறு பிரதிகள் உண்டு. நீல ஓடுகளின் படம் அப்படியில்லை. அது குறைப்பு முறையில் செய்தது. ஒரே லினோ பலகையை முதல் வண்ணத்துக்குச் செதுக்கி எல்லாத் தாள்களிலும் அச்சிட வேண்டும். அதே பலகையை மேலும் செதுக்கி அடுத்த வண்ணம், அதற்கு மேல் இன்னொன்று. கடைசி நீலம் விழும்போது பலகையில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. எத்தனை பிரதி எடுத்தோமோ அத்தனைதான். மற்றப் பிரதிகள் ஏற்கனவே பிறர் வீடுகளுக்குப் போய்விட்டன. என்னிடம் இருந்தது அது ஒன்று.

காப்பீடு பற்றிக் கேட்டேன். சுவரில் ஏறிய படைப்புக்குத்தான் மையம் பொறுப்பு, தரையில் இருந்ததற்கு இல்லை என்றார்கள். ஒவ்வொரு படமும் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று புகைப்படத்தோடு பட்டியல் எழுதி நான் கொடுத்திருந்தேன். அதில் கையெழுத்துக் கேட்டபோதெல்லாம் "திங்கள்கிழமை பார்க்கலாம், நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தள்ளியவர் அதே அலுவலர். கையெழுத்தில்லாத பட்டியலைப் பட்டியலாகவே அவர்கள் மதிக்கவில்லை. உடைந்த சட்டங்களுக்கு மாற்றுச் சட்டம் தருவதாகச் சொன்னார்கள். படத்துக்கு ஒரு டாலர்கூட இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. படம் உங்கள் ஸ்டுடியோ சுவரைவிட்டு இறங்கும் நேரத்திலிருந்து மறுபடி அங்கே வந்து சேரும்வரை காப்பீடு என்று எழுதி வாங்குங்கள். தூக்கிச் செல்லும் வழியும், தரையில் சாய்த்து வைத்திருக்கும் நேரமும் அதில் அடங்க வேண்டும். நிலைப் பட்டியலில் பெட்டி திறக்கும்போதே கையெழுத்து. பூட்டும் அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்று ஒரு வரி. மாட்டும் நாள் செவ்வாய் அல்லது புதன். அந்த வாரத்து விளக்கேற்றும் நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இணையத்தில் ஊர்வாரியாகக் கிடைக்கிறது. செப்டம்பர், அக்டோபரைத் தவிர்த்துவிடலாம். ரோஷ் ஹஷனா, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹத் தோரா என்று பண்டிகைகள் வரிசையாக வந்து நாட்களை எடுத்துக்கொள்ளும். வசந்தத்தில் பாஸ்காவுக்கு முந்தைய வாரமும் வேண்டாம், வீடே சுத்தம் செய்வதில் மூழ்கியிருக்கும். கையெழுத்துக்குத் தயங்கினால் படத்தைக் கொடுக்காதீர்கள். நாம் வெளிநாட்டு மாணவர்கள், அடம்பிடித்தால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் நமக்கு அதிகம். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் சிலர் வேலை பார்க்கிறார்கள்.

போன படத்தின் இடத்தில் கணினிப் பிரதி ஒன்றை மாட்டிவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று அலுவலர் சொன்னார். மறுத்துவிட்டேன். கையால் செதுக்கி அழுத்திய தாளுக்குப் பதிலாக மையச்சு இயந்திரம் துப்பியதை மாட்டுவது என் தொழிலுக்குத் துரோகம். வெறும் ஆணியையும் பெயர்ச்சீட்டையும் அப்படியே விட்டேன். படம் சேதமடைந்ததால் காட்சியில் இல்லை என்று சீட்டில் ஒரு வரி சேர்த்தேன். அதை எடுக்கச் சொல்லிக் காட்சி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எடுக்கவில்லை. செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சுவர் விஷயம். கூடத்தின் கிழக்குச் சுவரைக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் ஜெருசலேமை நோக்கி நின்று வழிபடுவது என்றால் கிழக்கு நோக்கித்தான். அதே கூடம் காலையில் வழிபாட்டு அறையாக மாறக்கூடும். வழிபடுபவர் முகத்துக்கு நேரே படம் இருப்பதை ஆசாரமான மாணவர்கள் விரும்புவதில்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் கூடாது. தாளில் செய்த படைப்புக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்று அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவை வெயில் பல மடங்கு தாண்டிவிடும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் நீராவி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், சாப்பாட்டுக்கூடமானால் கொஞ்சம் மேலேயே மாட்டுங்கள், நாற்காலி முதுகுகள் உரசாது. சட்டத்தின் பின்னால் கம்பி கட்டித் தொங்கவிடாமல் பூட்டுத் திருகு போட்டு இறுக்கிவிடுங்கள். உங்கள் துறைப் பட்டறையில் இதெல்லாம் இருக்கும்.

ஆள் நடந்தால் எரியும் சென்சார் விளக்கு, கிட்டே போனால் ஓடும் வீடியோ இவற்றை அங்கே வைக்காதீர்கள். ஷபாத்தில் மின்விளக்கை ஏற்றவோ அணைக்கவோ செய்யாதவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஸ்பாட் லைட்டுகளை டைமரில் போடச் சொல்லுங்கள். கியூஆர் கோடு ஒட்டிவிட்டு விளக்கத்தைக் கைபேசியில் படிக்கச் சொல்வதும் உதவாது. விளக்கத்தைத் தாளிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள். கருத்துப் புத்தகத்தில் வெள்ளி இரவு பலர் எழுத மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பார்வையாளர்கள் அந்த வெள்ளி இரவுக் கூட்டத்தினர்தான். வாரத்திலேயே அதிகம் பேர் வருவது அன்று. பலர் கையில் கைபேசி இல்லை. படத்தின் முன் நின்று செல்ஃபி எடுக்க முடியாது, ஒரு நொடி பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிட முடியாது. சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டே சுவரோரம் வருவார்கள், நிற்பார்கள், திரும்பிப் போய் நண்பனைக் கூட்டி வருவார்கள். செப்பேட்டுப் படத்தின் முன் ஒரு பெண் என்னை நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டச் சொன்னாள். வட்டெழுத்தைத் தடவித் தடவித்தான் எனக்கு வாசிக்க வரும். பகல்விளக்கு, குடை, தோரணம் என்று ரப்பானுக்குக் கிடைத்த உரிமைகளைச் சொன்னேன். இஸ்ரேலில் இருக்கும் கொச்சி வம்சாவளிப் பாட்டி ஒருவரின் பேத்தி அவள். வெள்ளை மேசை விரிப்புகளுக்கு நடுவில் நின்று அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். நியூயார்க்கின் செல்சீ காலரிகளில் காட்சி வைத்தவர்களுக்கு இது கிடைத்திருக்காது.

தலைப்பு, விளக்கச்சீட்டு இரண்டிலும் கடைசி வார்த்தை உங்களுடையது என்று எழுதி வாங்குங்கள். இந்தியாவின் தொலைந்த யூதர்கள் என்று தலைப்பு வைக்க மையம் ஆசைப்பட்டது. கொச்சி யூதர்கள் தொலைந்துபோகவில்லை. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள், அங்கே கிராமங்களில் சந்ததியோடு வாழ்கிறார்கள். மட்டாஞ்சேரி யூதத் தெரு என்று நான் வைத்த தலைப்பே நின்றது. இன்னொரு சீட்டில் ஆபிரகாம் பராக் சேலம் பற்றி எழுதியிருந்தேன். பரதேசி சினகாக்கில் அடிமை மரபினர் என்று முத்திரை குத்தி ஒரு பகுதியினரைச் சமமாக உட்காரவிடாமல் வைத்திருந்தார்கள். வக்கீலான சேலம் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்து ஜெயித்தவர், யூத காந்தி என்று பெயர் வாங்கியவர். விருந்தினர் மனம் புண்படும், எடுத்துவிடலாமே என்றார்கள். நம் ஊரில் கோயில் நுழைவுக்கு நடந்த போராட்டங்களைப் படித்து வளர்ந்தவள் நான். அந்தச் சீட்டை எடுத்தால் மொத்தப் படங்களையும் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். காட்சியில் மாணவர்கள் அதிக நேரம் நின்று விவாதித்தது அந்தச் சீட்டின் முன்னால்தான்.

படத்தில் ஹீப்ரு எழுத்து வந்தால், செதுக்கும் முன் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். லினோவில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். தாலெத்துக்கும் ரேஷுக்கும் இடையில் ஒரு சின்ன மூலைதான் வித்தியாசம், கத்தி வழுக்கினால் சொல்லே மாறிவிடும். மையத்து மாணவர் ஒருவர் என் பலகை ஒவ்வொன்றையும் கைக்கண்ணாடி பிடித்துச் சரிபார்த்துக் கொடுத்தார்.

பாழான மூன்றில் ஒரு படத்தில் இறைவன் பெயர் எழுதிய வாசகப் பலகை இருந்தது. குப்பையில் போடப் போனவளை மையத்தின் ரப்பி தடுத்தார். அந்தப் பெயர் உள்ள தாளை எறியக் கூடாது, கெனீசா என்ற இடத்தில் சேர்த்து வைத்துப் பிறகு புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா சினகாக்கில் அப்படி நூற்றாண்டுகளாகச் சேர்ந்த தாள்களை 1890களில் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். மலபார்க் கரையோடு மிளகு வியாபாரம் செய்த யூத வணிகர்களின் கடிதங்கள் அந்தக் குவியலில்தான் கிடைத்தன. என் படத்தை ரப்பியிடம் கொடுத்தேன். அந்த வீட்டில் என் படத்துக்கு நேர்ந்ததற்காக மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் அவர். மாதிரி அச்சுகளில் அந்தப் பெயர் இருந்தால் அவற்றையும் எறியாதீர்கள்.

மீதி சில்லறை விஷயங்கள். திறப்பு விழாவுக்கு வீட்டிலிருந்து சமோசா, வடை எடுத்துப் போகாதீர்கள். சமையலறை கோஷர் எனும் யூத உணவு விதிகளின் கண்காணிப்பில் இருக்கும், வெளி உணவு நுழையாது, ஒயின்கூட கோஷர்தான். உணவை மையத்திடமே விட்டுவிடுங்கள். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ட்ரீ ஆஃப் லைஃப் சினகாக்கில் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இந்த மையங்களில் வாசல் காவல் கடுமையாகிவிட்டது. தெருவில் போகிறவர் சும்மா எட்டிப் பார்க்க முடியாது. உங்கள் நண்பர்கள், ஆசிரியர்கள் பெயர்களை முன்கூட்டியே வாசலில் கொடுத்துவிடுங்கள், அடையாள அட்டையோடு வரச் சொல்லுங்கள். படத்துக்கு விலை போடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், எஃப்-1 விசாவில் இருக்கிறவருக்கு வருமானம் என்பது விளையாட்டு விஷயம் இல்லை.

மையங்களை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் படம்தானே என்று நினைக்காதீர்கள். சுவருக்கு வண்ணம் அடிக்கிற ஆளுக்கு ஒப்பந்தம் எழுதுகிறீர்கள், படம் தருகிறவருக்கும் எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், அழைப்பு வந்தால் மறுக்காமல் போங்கள், போகும் முன் கையெழுத்து வாங்குங்கள். நான் இப்போது பயன்படுத்தும் நிலைப் பட்டியல் படிவத்தையும் ஒப்பந்தப் படிவத்தையும் தமிழ் விளக்கத்தோடு வைத்திருக்கிறேன். இதழாசிரியர் மூலம் கேட்டு எழுதினால் அனுப்பித் தருகிறேன்.